ஒரு பிழையின் வழியே மவுஸ் பொத்தானின் வரலாறு

சென்ற பருவத்தின் இறுதியில் எங்கள் துறையில் நேர்ந்த ஒரு சிறு விபத்திலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். தில்லியில் நான் ஆய்வு மேற்கொள்ளும் துறையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவை வரைபடங்களின் மின்படிமங்கள் மீது ஊர் எல்லைகளைக் குறிப்பதற்கு ஒரு பழைய நிரலைப் பயன்படுத்தி வருகிறோம். முன்னர் இங்கே பயின்றவர்கள் ஜாவா மொழியில் எழுதி வைத்துச் சென்றது அது. இடப்பொத்தானை அழுத்தினால் ஓர் எல்லை தேர்ந்தெடுக்கப்படும். வலப்பொத்தானை அழுத்தினால் நீக்கப்படும். விண்டோஸ் கணினிகளில் ஆண்டுக்கணக்கில் குறையின்றி இயங்கிய நிரல்.

புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர் அதனைத் தம் மேக் கணினியில் நிறுவி, இரண்டு வாரம் உழைத்து ஒரு வட்டத்தின் எல்லைகளை வரைந்து முடித்தார். பின்னர், மேக் பயனர்களுக்குக் கைப்பழக்கமான முறையில், கட்டளை விசையை அழுத்திக்கொண்டே எல்லைகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கினார். பலவற்றை ஒருசேரத் தேர்ந்தெடுப்பதே அவர் நோக்கம். நிரலோ அவர் தொட்ட எல்லைகளையெல்லாம் நீக்கிக்கொண்டே போயிற்று. திரை உடனுக்குடன் புதுப்பிக்கப்படாததால் அவர் அதனைக் கவனிக்கவில்லை. கோப்பு மட்டும் உடனுக்குடன் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

அவரிடம் நாங்கள் அனைவரும் சொன்னது ஒன்றுதான்: ‘நீங்கள் தவறுதலாக வலப்பொத்தானை அழுத்தியிருப்பீர்கள்.’ தாம் அதனைத் தொடவேயில்லை என்று அவர் திரும்பத் திரும்பக் கூறினார். எவரும் நம்பவில்லை. நிரல் பல ஆண்டு பழையது, பலரால் சோதிக்கப்பட்டது; அவரோ புதியவர். நிரலைத் திறந்து படித்தபோதுதான் அவர் சொன்னது முழு உண்மை என்று தெரிந்தது. அதில் ‘வலப்பொத்தான் அழுத்தப்பட்டதா?’ என்ற கேள்வியே இல்லை. அந்த இடத்தில் ‘மெட்டா விசை அழுத்தப்பட்டதா?’ என்ற கேள்விதான் இருந்தது.

வலப்பொத்தானைப் பற்றி அறிய விரும்பிய ஒருவர் ஏன் விசைப்பலகையைப் பற்றிக் கேட்டார்? இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. அக்காலத்துப் பாடநூல்கள் அவ்வாறே கற்பித்தன. அக்கால ஜாவாவில் அதுவே முறையான வழி. அந்த வழி எப்படி முறையானது ஆயிற்று என்பதை அறிய மவுஸ் என்னும் கருவியின் தொடக்கம் வரை செல்ல வேண்டியுள்ளது. நிகழ்வுகளைக் கையாளும் நிரல்களில் நாம் காணும் பிழைகள் பல, தனித்தனியாகப் பார்த்தால் புதிர். காலவரிசையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு முடிவின் விளைவு. இதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எத்தனை பொத்தான்கள்?

கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துப்படி பில் இங்கிலிஷ் முதல் மவுஸை 1964இல் செய்தார். மரப்பெட்டி ஒன்று, அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் நடத்திக்காட்டிய புகழ்பெற்ற செயல்விளக்கத்தில் அப்பொத்தான்கள் மூன்றாகியிருந்தன. 1970 நவம்பர் 17 அன்று அவருக்கு வழங்கப்பட்ட காப்புரிமை அக்கருவியை மவுஸ் என்று தலைப்பில் குறிப்பிடவில்லை. காட்சித்திரைக்கான இடங்காட்டி என்ற பொருளிலேயே குறித்தது. அதாவது, கருவியின் முதன்மைப் பணி இடத்தைச் சுட்டுவது. அழுத்துதல் அதனோடு சேர்ந்துகொண்ட இன்னொரு பணி.

1970இல் தொடங்கப்பட்ட ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்டோ கணினியும் மூன்று பொத்தான் மவுஸையே கொண்டிருந்தது. அங்கு வளர்ந்த சுமால்டாக் மொழியில் அப்பொத்தான்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். சிவப்பு தேர்வு செய்வதற்கு. மஞ்சள் சாளரத்தின் உள்ளடக்கத்துக்கான பட்டியைத் திறப்பதற்கு. நீலம் சாளரத்துக்கே உரிய பட்டியைத் திறப்பதற்கு. இப்பெயரிடல் கவனத்துக்குரியது. இடம், வலம் என்பன கருவியின் உடலைக் குறிக்கும் சொற்கள். நிறப்பெயர்களோ பணியைக் குறித்தன. எந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருந்தாலும் ‘சிவப்பு’ என்றால் தேர்வுதான்.

அதே சுமால்டாக்கில் இன்னொரு பண்பும் இருந்தது. பொத்தான் அழுத்தப்பட்ட செய்தி நிரலைத் தேடி வராது. நிரல்தான் மீண்டும் மீண்டும் ‘சிவப்பு இப்போது அழுந்தியுள்ளதா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். இம்முறையில், இரு கேள்விகளுக்கு இடையே நிகழ்ந்து முடிந்த அழுத்தல் நிரலின் பார்வையில் நிகழாததே. ‘நான் அழுத்தினேன், கணினி ஏற்கவில்லை’ என்ற முறையீட்டுக்கு இங்கேயே இடம் உண்டாகிவிட்டது.

கையிலிருந்து விசைப்பலகைக்கு

ஜெராக்ஸின் ஸ்டார் கணினி 1981இல் இரு பொத்தான்களுடன் வந்தது. ஆப்பிளின் லிசா 1983இல் ஒரே பொத்தானுடன் வந்தது. ஜெராக்ஸிலிருந்து ஆப்பிளுக்குச் சென்ற லாரி டெஸ்லர், கணினி அறியாத பயனர்களை அமர்த்திச் சோதனை நடத்துவதில் உறுதியாக இருந்தவர். எந்தப் பொத்தான் எதற்கு என்று புதியவர்கள் தடுமாறுவதைக் கண்ட அவர், ஒரே பொத்தான் போதும் என்ற தரப்பில் நின்றார். 1984 ஜனவரியில் வெளிவந்த மேக்கின்டாஷ் அதனையே தொடர்ந்தது.

புதியவர்களுக்கு இது பெரும் நன்மை. ஆயினும் செய்ய வேண்டிய வேலைகள் குறைந்துவிடவில்லை. இரண்டாம் பொத்தானும் மூன்றாம் பொத்தானும் செய்துவந்த பணிகள் வேறெங்கோ குடியேற வேண்டியிருந்தன. அவை இரு திசைகளில் சென்றன. ஒன்று காலம்: குறுகிய இடைவெளியில் இருமுறை அழுத்தினால் வேறு பொருள். மற்றொன்று விசைப்பலகை: ஷிஃப்ட், ஆப்ஷன் அல்லது கட்டளை விசையுடன் அழுத்தினால் வேறு பொருள். 1997இல் மேக் ஓஎஸ் 8 சூழல் பட்டியைக் கொண்டுவந்தபோது அதனைத் திறக்கும் வழி, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்குவதாகவே இருந்தது. நீக்கப்பட்ட பொத்தான் விசைப்பலகைக்கு இடம்பெயர்ந்தது எனலாம். எங்கள் ஆய்வு மாணவியின் விரல் பழகியிருந்தது இம்மரபில்தான்.

மேக்கின்டாஷின் நிகழ்வுப் பதிவை வரலாற்று மாணவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் ஐந்து புலங்கள் உண்டு: என்ன நிகழ்ந்தது, அது பற்றிய கூடுதல் செய்தி, எப்போது, எங்கே, உடன் அழுந்தியிருந்த விசைகள் எவை. ‘எப்போது’ என்பது ஏறத்தாழ நொடியில் 60இல் ஒரு பங்கு அலகில் எண்ணப்பட்டது. ஒரு நல்ல சான்றாவணத்திடம் நாம் எதிர்பார்க்கும் கேள்விகள் ஏறக்குறைய எல்லாம் அதில் உள்ளன. இல்லாதது ஒன்றுதான்: எந்தப் பொத்தான்? ஒரே பொத்தான் இருக்கும் உலகில் அக்கேள்வி எழவே இல்லை.

மூன்று மரபுகள்

அதே ஆண்டுகளில் வேறிடங்களில் அக்கேள்வி எழுந்தது. வேறுவேறு விடைகள் கிடைத்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் அதீனா திட்டத்தின் சூழலில் 1984இல் தோன்றி, 1987இல் 11ஆம் பதிப்பை எட்டிய எக்ஸ் சாளர முறைமை, பொத்தான்களுக்கு எண் இட்டது: 1, 2, 3 என்று. 1985 நவம்பரில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் விண்டோஸ், நிகழ்வின் பெயரிலேயே பொத்தானைப் பொதித்தது: இடப்பொத்தான் அழுந்தியது ஒரு செய்தி, வலப்பொத்தான் அழுந்தியது வேறொரு செய்தி. ஆக, ஒரு மரபில் பொத்தானுக்கு அடையாளமே இல்லை; ஒன்றில் எண்; மற்றொன்றில் பெயர்.

ஒவ்வொரு மரபும் தனக்கே உரிய பிழைகளையும் ஈன்றது. விண்டோஸில் இரட்டைச் சொடுக்கு நிகழும்போது நிரலுக்கு வரும் செய்திகளின் வரிசை இது: அழுத்தல், விடுதல், இரட்டைச் சொடுக்கு, மீண்டும் விடுதல். அதாவது முதல் அழுத்தல் எப்போதும் தனியாகவே வந்துசேரும். ஒற்றைச் சொடுக்குக்கு ‘நீக்கு’, இரட்டைச் சொடுக்குக்கு ‘திற’ என்று எழுதியவர், திறப்பதற்கு முன்பே நீக்கிவிட்டதைக் கண்டு திகைப்பார். மேலும், இரட்டைச் சொடுக்குச் செய்தி வேண்டும் என்று சாளர வகையைப் பதிவு செய்யும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காதவருக்கு இரண்டு ஒற்றை அழுத்தல்கள்தாம் கிடைக்கும். இருமுறைக்கும் இடையே அனுமதிக்கப்படும் காலம் இயல்பு நிலையில் 500 மில்லிநொடி.

எக்ஸ் மரபின் பிழை வேறு வகையானது. உருளும் சக்கரம் கொண்ட மவுஸ் 1990களில் பரவியபோது, எக்ஸின் நெறிமுறையில் சக்கரத்துக்கென ஒரு நிகழ்வு இல்லை. ஆனால் பொத்தான் எண்கள் மிஞ்சியிருந்தன. ஆகவே மேல்நோக்கிய சுழற்சி 4ஆம் பொத்தான், கீழ்நோக்கியது 5ஆம் பொத்தான் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. ‘எந்தப் பொத்தானாயினும் சரி’ என்று எழுதப்பட்ட பழைய நிரல்கள், பயனர் பக்கத்தை உருட்டும்போதெல்லாம் தம்மை யாரோ அழுத்துவதாகக் கொண்டன.

அழுத்தலா, விடுதலா?

பொத்தானின் அடையாளத்தைப் போலவே இன்னொரு வினாவும் உண்டு. ஒரு சொடுக்கு எப்போது நிகழ்ந்ததாகிறது? விரல் அழுத்திய கணத்திலா, எடுத்த கணத்திலா?

மேக்கின்டாஷ் இதற்குத் தெளிவான நிலைப்பாடு எடுத்தது. திரைப் பொத்தானின் மேல் அழுத்தினால் அது நிறம் மாறும். விரலை எடுக்காமல் வெளியே நகர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். வெளியே விட்டால் எதுவும் நிகழாது. மனம் மாறுவதற்கு ஓர் இடைவெளி அங்கே கட்டமைக்கப்பட்டிருந்தது. விண்டோஸும் இதனைப் பின்பற்றியது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: அழுத்தல் ஓரிடத்திலும் விடுதல் வேறிடத்திலும் நிகழலாம் என்பதால், விடுதலை யாரிடம் அறிவிப்பது என்ற சிக்கல் எழுகிறது. எக்ஸ் முறைமையில் அழுத்தலைப் பெற்ற சாளரமே விடுதலையும் பெறும்படித் தானாகவே ஏற்பாடு உண்டு. விண்டோஸில் நிரலர் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்க மறந்தால், பயனர் சாளரத்துக்கு வெளியே விரலை எடுக்கும்போது விடுதல் வந்து சேராது. பொத்தான் அழுந்தியே இருப்பதாக நிரல் நம்பிக்கொண்டிருக்கும். இழுத்த கோடு அம்புக்குறியை விட்டு நீங்காமல் ஒட்டிக்கொண்டு வருவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அதன் வேர் இதுவே.

1996: ஒரு சமரசம்

இப்போது நம் பிழைக்கு வருவோம். 1996 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவின் முதல் பதிப்பை வெளியிட்டது. ஒருமுறை எழுதிய நிரல் எங்கும் இயங்க வேண்டும் என்பது அதன் வாக்குறுதி. அந்த ‘எங்கும்’ என்பதில் மேற்சொன்ன மூன்று மரபுகளும் அடங்கும். பொத்தானே எண்ணப்படாத மேக், பெயரிட்ட விண்டோஸ், எண்ணிட்ட எக்ஸ்: இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு நிகழ்வுப் பதிவு தேவைப்பட்டது.

முதல் பதிப்பு தேர்ந்த வழி, மிகக் குறைந்த பொத்தான் உள்ள கணினியை அளவுகோலாகக் கொள்வது. அதன் நிகழ்வுப் பதிவில் பொத்தானுக்கெனத் தனிப் புலம் இல்லை. வலப்பொத்தான் அழுந்தினால், மெட்டா விசையுடன் சொடுக்கியதாகப் பதிவாகும். நடுப்பொத்தான் அழுந்தினால், ஆல்ட் விசையுடன் சொடுக்கியதாகப் பதிவாகும். ஒற்றைப் பொத்தான் கொண்டவர் விசையை அழுத்தி அதே செயலைச் செய்யலாம். மூன்று பொத்தான் கொண்டவர் பொத்தானையே அழுத்தலாம். நிரலுக்கு இரண்டும் ஒன்றே. நோக்கத்தை மட்டும் பார்த்தால் இது சுமால்டாக்கின் நிறப்பெயர்களுக்கு நெருங்கிய சிந்தனை: கருவியைக் கேட்காதே, பணியைக் கேள். குறை என்னவெனில், அந்தப் பணிக்குச் சூட்டிய பெயர் ஏற்கெனவே வேறொரு பொருள் கொண்டிருந்த விசையின் பெயர். மேக்கில் மெட்டா என்பது கட்டளை விசை. கட்டளை விசைக்கோ அங்கே நீண்ட மரபும் தனிப் பொருளும் இருந்தன.

1997இல் வந்த 1.1 பதிப்பு நிகழ்வு முறையையே மாற்றியமைத்தது. அதுவரை, ஒரு திரைக்கூறு நிகழ்வை ஏற்க வேண்டுமெனில் அதன் மூலவகையிலிருந்து மரபுரிமை பெற்று உரிய செயற்கூற்றை மாற்றி எழுத வேண்டும். இனி, நிகழ்வை அறிய விரும்பும் எந்தப் பொருளும் தன்னைக் கேட்பாளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றாயிற்று. பொத்தான்களுக்குத் தனிப் பெயர்களும் வந்தன. எனினும், பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக எண்மதிப்புகள் மாற்றப்படவில்லை: மெட்டாவின் மதிப்பும் மூன்றாம் பொத்தானின் மதிப்பும் 4, ஆல்ட்டின் மதிப்பும் இரண்டாம் பொத்தானின் மதிப்பும் 8. பெயர் இரண்டு, மதிப்பு ஒன்று. விசையா பொத்தானா என்று அம்மதிப்பைக் கொண்டு பிரித்தறிய இயலாது. 2002இல் 1.4 பதிப்பு தனித்தனி மதிப்புகளைக் கொண்ட புதிய வழியை அளித்தது. பழைய வழி ‘இனிப் பயன்படுத்தற்க’ என்று முறையாக அறிவிக்கப்பட்டதோ 2017இல், 9ஆம் பதிப்பில்.

சூழல் பட்டியிலும் இதே கதைதான். விண்டோஸில் அப்பட்டி வலப்பொத்தானை விடும்போது திறக்கும். மேக்கிலும் எக்ஸிலும் அழுத்தும்போதே திறக்கும். ‘இது பட்டிக்கான அழைப்பா?’ என்று ஜாவா நிரல் கேட்கலாம். ஆனால் அழுத்தல், விடுதல் ஆகிய இரு இடங்களிலும் கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கேட்ட நிரல் ஒரு கணினியில் இயங்கும், மற்றொன்றில் ஊமையாகும்.

யாருடைய கை?

இவ்வரலாற்றில் சொல்லப்படாமல் இருக்கும் ஒரு பாத்திரம் உண்டு: பயனரின் கை. ஜாவாவில் ‘சொடுக்கு’ என்ற நிகழ்வு, அழுத்தலுக்கும் விடுதலுக்கும் இடையே அம்புக்குறி நகர்ந்துவிட்டால் பிறக்காமலே போகலாம். அது இழுத்தலாகக் கொள்ளப்படும். இளைஞரின் உறுதியான கையை வைத்துச் சோதித்த நிரலர் இதனை அறியவே மாட்டார். கைநடுக்கம் உள்ள முதியவர் ஒருவர் அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவார், நிரல் அசையாது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் விண்டோஸில் பொத்தான்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். செய்திகள் வழியே கேட்கும் நிரல் அம்மாற்றத்தை மதிக்கும்; கருவியின் நிலையை நேரடியாகக் கேட்கும் நிரல் மதிக்காது. இச்சூழல்களில் எல்லாம் குறை பயனர் மேலேயே சுமத்தப்படுகிறது.

மனம் மாறுவதற்கான இடைவெளி இன்று ஒரு நெறியாகவும் ஆகியுள்ளது. 2018இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.1 பதிப்பு, தவிர்க்க இயலாத இடங்கள் போன்ற சில விலக்குகளுடன், அழுத்திய கணத்திலேயே செயலை நிறைவேற்றக் கூடாது என்றும், விடுவதற்கு முன் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 1984இன் திரைப் பொத்தானில் வடிவமைப்பாக இருந்தது, 34 ஆண்டுகளுக்குப் பின் கடப்பாடாகப் பெயர் பெற்றது.

முறையியல் பற்றி

இத்தகைய பிழைகளை ஆராயும் மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நம் துறையின் பழைய முறையையே: விளக்கத்துக்கு முன் மூலச்சான்று. ‘சொடுக்கு’, ‘இரட்டைச் சொடுக்கு’, ‘பட்டி அழைப்பு’ ஆகியவை மூலச்சான்றுகள் அல்ல. அவை ஓர் இடைநிலை மென்பொருள் அளித்த விளக்கங்கள். மூலச்சான்றுக்கு மிக அருகில் உள்ளவை அழுத்தலும் விடுதலுமே. ஆகவே முதற்கண் நிரலைத் திருத்தாமல், வந்துசேரும் ஒவ்வோர் அழுத்தலுக்கும் விடுதலுக்கும் நேரம், இடம், பொத்தான் எண், உடன் அழுந்திய விசைகள், பெற்ற திரைக்கூறு ஆகியவற்றை வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள். அழுத்தலுக்கு இணையான விடுதல் வந்ததா என்று எண்ணுங்கள். நிகழ்வு வரவே இல்லையெனில், மேலே வேறொரு திரைக்கூறு மறைத்து நின்று அதனைப் பெற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். தாமதமாக வருகிறதெனில், நிகழ்வுகளைக் கையாளும் அதே இழையில் நீண்ட பணி எதுவும் நடக்கிறதா என்று பாருங்கள். அதே சோதனையை வேறொரு இயங்குதளத்திலும், வேறொருவர் கையாலும் செய்து பாருங்கள்.

நாங்களும் இறுதியில் அவ்வாறே செய்தோம். அச்சிட்ட பட்டியலின் முதல் வரியிலேயே விடை இருந்தது: பொத்தான் எண் 1, மெட்டா ஆம். அவர் இடப்பொத்தானைத்தான் அழுத்தியிருந்தார். திருத்தம் ஒரே வரி. விசையைப் பற்றிய கேள்வியை நீக்கி, பொத்தானைப் பற்றிய கேள்வியை வைத்தோம். நீங்கிய எல்லைகள் மீளவில்லை. அவற்றை மீண்டும் வரைவதில் நாங்கள் நால்வர் அவருடன் அமர்ந்தோம். அவர் சொல்லை நம்பாமல் கழித்த நாட்களுக்கு அது ஈடாகாது.

இதை எழுதுவதற்குக் காரணமும் அதுவே. ‘பயனரின் தவறு’ என்ற முடிவு பெரும்பாலும் ஆராய்ச்சியின் முடிவாக இருப்பதில்லை. ஆராய்ச்சியைத் தொடங்காமலிருக்க நாம் கைக்கொள்ளும் வழியாக இருக்கிறது. நம் துறைகளில் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் பழைய நிரல்கள் பல. அவற்றுள் எந்த ஆண்டின் எந்தச் சமரசம் உறங்குகிறது என்பதைப் படித்தறிவதும் தொழில்நுட்ப வரலாற்றாய்வின் பணிதான் என்று கருதுகிறேன். இத்தகைய பழைய கருவிகளோடு பணியாற்றும் நண்பர்கள் தம் அனுபவத்தைப் பகிர்ந்தால் மகிழ்வேன்; பிழை தோன்றிய இயங்குதளத்தையும் நிரல்மொழியின் பதிப்பையும் உடன் குறிப்பிடுங்கள்.